ஸ்டெஃபனி ஷெர்லி: அடைக்கலமும் அதன் பின் திறந்த கதவுகளும்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: அகதியாக ஒரு நாட்டுக்குள் நுழைந்து, அங்கேயே தொழில் தொடங்கி முன்னேறி, சம்பாதித்ததைப் பிறர் துயர் தீர்க்கக் கொடுத்தவர் என்று யாரையாவது பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? சொன்னால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உண்மையில் உதவுமா, கேட்டுவிட்டு ஏங்கத்தான் செய்வார்களா? கேள்வியின் இரண்டாம் பகுதிதான் எனக்குக் கனமாகப் படுகிறது. கடலூர் மாவட்டத்தில் வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொழிற்கடன் கேட்டு முகாமிலிருந்து வந்தவர்களை எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். ஆகவே ஒருவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்லி, அதிலிருந்தே இரண்டாம் பகுதிக்கும் விடை சொல்லப் பார்க்கிறேன்.

நான் சொல்ல விரும்புபவர் இங்கிலாந்தின் டேம் ஸ்டெஃபனி ஷெர்லி. ஐந்து வயதில் பெற்றோர் இல்லாமல் ரயிலேறி வந்த அகதிக் குழந்தை. 1962-இல் கணினி நிரல் எழுதும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். ஏறத்தாழ 7 கோடி பவுண்டை அறப்பணிக்குக் கொடுத்தவர். 2025 ஆகஸ்டு மாதம் 91-ஆம் வயதில் காலமானார். இந்த வரிசையில் இன்னும் சிலர் பெயர் அடிபடுவதுண்டு. இன்டெல் நிறுவனத்தை வளர்த்த ஆண்ட்ரூ குரோவ் 1956 புரட்சி நசுக்கப்பட்டபோது ஹங்கேரியிலிருந்து தப்பிய இளைஞர். தான் கட்டணமின்றிப் படித்த நியூயார்க் சிட்டி காலேஜுக்கு 2005-இல் 2.6 கோடி டாலர் வழங்கினார். சோபானி தயிர் நிறுவனத்தின் ஹம்தி உலுகாயாவையும் அகதி என்று எழுதுகிறார்கள். அவர் துருக்கியிலிருந்து படிக்கப் போன குர்து இனத்தவர், தம் ஆலைகளில் அகதிகளை வேலைக்கு அமர்த்தியதால்தான் அந்தப் பேச்சில் இடம்பெறுகிறார். இவர்களை விட்டு ஷெர்லியை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அவர் தம் வெற்றிக்குத் தாமே காரணம் என்று ஒருபோதும் பேசவில்லை. யார் யார் எந்தெந்த இடத்தில் தமக்கு வழிவிட்டார்கள் என்பதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

1933 செப்டம்பர் 16 அன்று ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வேரா புக்தால் என்ற பெயரில் பிறந்தார். தந்தை யூதர், நீதிபதி. தாய் வியன்னாவைச் சேர்ந்தவர், யூதரல்லர். நாஜிகள் ஆட்சியில் தந்தையின் பதவி பறிபோக, குடும்பம் ஊர் ஊராக மாறிக் கடைசியில் வியன்னா போய்ச் சேர்ந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவும் ஹிட்லர் வசமாயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி இரவு தொடங்கி யூதர்களின் வழிபாட்டுக் கூடங்களும் கடைகளும் நாடெங்கும் சூறையாடப்பட்ட பிறகு, வெளியேறுவதைத் தவிர வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஏற்றுக்கொள்ள நாடுகள் முன்வரவில்லை.

அப்போது பிரிட்டன் ஒரே ஒரு கதவைத் திறந்தது. 1938 நவம்பர் 21 அன்று நாடாளுமன்றத்தில் பேசி முடிவெடுத்து, 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரின்றித் தற்காலிகமாக அனுமதிக்க அரசு இசைந்தது. செலவை அரசு ஏற்கவில்லை. பிள்ளை பின்னாளில் வேறு நாட்டுக்குப் போவதற்கான செலவுக்கென்று தலைக்கு 50 பவுண்டு பிணைத்தொகை கட்ட வேண்டும்; தங்குவதற்கு ஒரு குடும்பமோ விடுதியோ பொறுப்பேற்க வேண்டும். யூத அமைப்புகளும் குவேக்கர் என்ற கிறித்தவச் சபையினரும் தேவாலயங்களும் முன்பின் தெரியாத சாதாரணக் குடும்பங்களும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1939 செப்டம்பரில் போர் மூளும்வரை ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் இப்படி வந்தார்கள். பெற்றோருக்கு அனுமதியில்லை; அவர்களில் பெரும்பாலோர் பிறகு உயிரோடு இல்லை. இந்தத் திட்டத்தைப் புகழும்போது இந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1939 ஜூலையில் ஐந்து வயது வேராவும் ஒன்பது வயது அக்கா ரெனேட்டும் வியன்னாவில் ரயிலேறினார்கள். இரண்டரை நாள் பயணம் முடிந்து லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கியபோது, அவர்களைக் கூட்டிப்போக சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். வேராவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த வளர்ப்புப் பெற்றோரைத்தான் அவர் கடைசிவரை தம் பெற்றோராக நினைத்தார். பெற்ற தாய் தந்தையர் இருவரும் உயிர் தப்பிப் பின்னர் வந்து சேர்ந்தும், அறுந்த பாசம் மறுபடி ஒட்டவில்லை. முகாம் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். 1990-களில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்த தாத்தா பாட்டிகளின் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, உயிர் தப்புவது வேறு, குடும்பம் தப்புவது வேறு என்பது நாம் விளக்காமலே புரியும்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அவர் கதையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்வெஸ்ட்ரி நகரில் அவர் படித்த பெண்கள் பள்ளியில் மேல்வகுப்புக்குக் கணிதம் கற்பிக்க ஆளில்லை என்றபோது, பக்கத்து ஆண்கள் பள்ளியில் போய்க் கணிதம் படிக்க அனுமதி வாங்கித் தந்தார்கள். 18 வயதில், 1951-இல், பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. ஸ்டெஃபனி புரூக் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். உடனே லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. உலகப் போரின்போது ஜெர்மானிய இரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் கணினியை டாமி பிளவர்ஸ் உருவாக்கிய அதே நிலையம் அது. எதிரி நாட்டில் பிறந்த பெண்ணுக்கு, போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் இடம்! பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு ஆண்டு படித்து கணிதத்தில் பட்டம் வாங்கினார். தங்க வீடு, பொதுப்பள்ளி, குடியுரிமை, அரசு வேலை, மாலைக் கல்லூரி என்று ஒவ்வொரு கதவும் அதற்குரிய வயதில் திறந்தது.

அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த கதவுகள் மூடியே இருந்தன. அவற்றை அவர்தான் தள்ளித் திறந்தார். பெண் என்பதால் பதவி உயர்வு ஓர் அளவுக்கு மேல் கிடைக்கவில்லை. இயற்பியலாளர் டெரெக் ஷெர்லியை 1959-இல் மணந்தார். 1962-இல், ஆறு பவுண்டு முதலில், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய இங்கிலாந்தில் கணவரின் சம்மதமில்லாமல் தம்மால் வங்கிக் கணக்குகூடத் தொடங்க முடியவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த ஒரு செய்தி என்னை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நிறுத்தி யோசிக்க வைத்தது. பின்னாளில் பல கோடி பவுண்டு புரட்டிய ஒருவருக்குத் தொடக்கத்தில் ஒரு சேமிப்புக் கணக்குக்கே இன்னொருவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

மென்பொருளைத் தனியாக விற்கலாம் என்பதே அப்போது பலருக்குப் புரியாத செய்தி. கணினி வாங்கினால் அது இலவசமாகக் கூட வரும் என்ற நினைப்பு இருந்த காலம். அதையும் ஒரு பெண் விற்கிறார் என்றால் கேட்பாரில்லை. நிறுவனங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமல் போகவே, கணவரின் யோசனைப்படி ஸ்டெஃபனி என்பதற்குப் பதில் ஸ்டீவ் என்று கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின. வேலைக்குச் சேர்த்தது யாரை? திருமணம் ஆனதாலோ பிள்ளை பிறந்ததாலோ வேலையை விட்டு வீட்டில் இருந்த, கணிதமும் நிரலெழுத்தும் கற்ற பெண்களை. அவர்கள் வீட்டிலிருந்தே, தங்களால் முடிந்த நேரத்தில் வேலை செய்தார்கள். பென்சிலும் காகிதமும் கொண்டு ஓட்டப்படம் வரைந்து, நிரலை எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். கணினி மையத்தில் அதை, அன்றைய கணினிகள் படித்த துளையட்டையில் ஏற்றி, பிழை வராமலிருக்க மறுபடியும் ஒருமுறை துளையிட்டுச் சரிபார்ப்பார்கள். வீட்டில் குழந்தை அழும் சத்தம் தொலைபேசியில் வாடிக்கையாளர் காதில் விழாமலிருக்க, தட்டச்சு ஓசையை நாடாவில் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார். மணிக்கணக்கில் கூலி என்றில்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசியதால், யார் எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று வாடிக்கையாளர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைத் தொழில் தொடங்க நினைக்கும் எவரும் கவனிக்க வேண்டும்: தம்மிடம் இல்லாத அலுவலகத்தையும் முதலீட்டையும் அவர் விலை முறையாலேயே ஈடுகட்டிவிட்டார்.

ஒலியை விஞ்சிப் பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல், இப்படி வீடுகளில் இருந்த பெண்கள் எழுதியது. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். 1975-இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச்சட்டம் வந்தபோது பெண்களுக்கே முன்னுரிமை என்ற அவருடைய கொள்கையே சட்டவிரோதமாகிவிட, ஆண்களையும் சேர்க்க நேர்ந்தது. இடையில் பொருளாதார மந்தம் ஒன்றில் நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போய் மீண்டது. பின்னர் எஃப்.ஐ. குரூப் என்று பெயர் மாறி, 1996-இல் லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்று, அதன் பிறகு சான்சா என்றாகி, அவர் ஓய்வுபெற்ற பிறகு நொய்டா உள்ளிட்ட இடங்களில் இந்தியர்களையும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வைத்து, 2007-இல் பிரான்ஸின் ஸ்டீரியா நிறுவனத்தோடு இணைந்தது.

பங்குகளைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. அவர் தம் கைவசமிருந்த பங்குகளில் கணிசமான பகுதியைப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிறர் பங்கைக் குறைத்துக் கொடுக்கவில்லை, தம் பங்கிலிருந்தே கொடுத்தார். நிறுவனம் சந்தைக்கு வந்தபோது பணியாளர்களில் 70 பேர் பவுண்டுக் கணக்கில் மில்லியனர்களாயினர், அதாவது ஒவ்வொருவரிடமும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். செல்வம் வந்த பிறகு கொடுப்பது ஒரு வகை. செல்வம் உருவாகும் இடத்திலேயே அதைப் பங்கிடுவதுதான் அரிது என்று நான் நினைக்கிறேன். எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அவருடைய அறப்பணி எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இரண்டு வேர்கள். ஒன்று, காப்பாற்றப்பட்ட உயிர் காப்பாற்றியதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். முகம் தெரியாதவர்கள் தமக்குச் செய்ததை முகம் தெரியாதவர்களுக்குத் தாம் செய்ய வேண்டும் என்று அவர் பல மேடைகளில் சொன்னார். மற்றொன்று மகன் கைல்ஸ். 1963-இல் பிறந்த ஒரே பிள்ளை. இரண்டரை வயதில், கற்ற சில சொற்களையும் மறந்து பேச்சை இழந்தான். கடுமையான ஆட்டிசம், அதாவது பிறரோடு பேசிப் பழகுவதைக் கடினமாக்கும் வளர்ச்சிக் குறைபாடு. வயது ஏற ஏற வலிப்பும் கட்டுக்கடங்காத ஆவேசமும் சேர்ந்துகொள்ள, பெற்றோரால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் பெரிய மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் விட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவரும் மனமுடைந்து சிகிச்சை பெற்றார். வெளியே வெற்றிபெற்ற நிறுவனத் தலைவர், உள்ளே இந்த வீடு.

மகனை அந்த மருத்துவமனையிலிருந்து மீட்டு ஒரு சாதாரண வீட்டில், உதவியாளர்களோடு வாழவைக்க முயன்றதுதான் கிங்வுட் என்ற அறக்கட்டளை. 1994-இல் தொடங்கியது, முதலில் குடியேறியவர் கைல்ஸ். பிறகு பெர்க்ஷயரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென பிரயர்ஸ் கோர்ட் என்ற தங்கிப் படிக்கும் பள்ளியை நிறுவினார். அது 1999-இல் திறந்தது. அதைப் பார்க்க கைல்ஸ் இல்லை. 1998 அக்டோபரில் வலிப்பு வந்து, 35 வயதில் இறந்துவிட்டார். ஷெர்லி நிறுத்தவில்லை. ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி தருவதற்காக 2004-இல் ஆட்டிஸ்டிகா என்ற அமைப்பை உருவாக்கினார். இணையம் சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஆராயும் ஆக்ஸ்ஃபோர்டு இன்டர்நெட் நிறுவனம் 2001-இல் தொடங்க முதன்மை நிதி அவருடையது. கொடுத்துக் கொடுத்தே பிரிட்டனின் பெருஞ்செல்வர் பட்டியலிலிருந்து தம் பெயர் இறங்கிப்போனதை அவர் பெருமையாகச் சொல்வார்.

கொடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. தமக்கு நேரடியாகத் தெரிந்த, தாம் வருந்தி அறிந்த துறைகளுக்கு மட்டுமே கொடுத்தார்: ஆட்டிசமும் தகவல் தொழில்நுட்பமும். காசோலை எழுதிவிட்டு நகராமல், நிறுவனம் சொந்தக் காலில் நிற்கும்வரை கூடவே இருந்து, நின்றதும் பொறுப்பைப் பிறரிடம் விட்டு விலகினார். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு நெருக்கமான ஒரு முன்னுதாரணம் உண்டு. வடலூரில் 1867-இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்தையே எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிவதற்குக் காரணம் அருளாளரின் கருணை மட்டுமன்று. அதைத் தாங்கும் நிலமும் ஏற்பாடும் முதல் நாளே அமைந்தன. குறிஞ்சிப்பாடி முகாமிலிருந்து வடலூர் எட்டிப்பார்க்கும் தூரம்தான். பிள்ளைகளுக்கு ஷெர்லியைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால், கொடை என்பது கடல் கடந்தவர்கள் விவகாரம் என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள்.

இனி இரண்டாம் பகுதி. ஷெர்லியின் கதை உங்கள் மாணவர்களுக்கு உதவுமா? உதவும், ஆனால் உழைத்தால் உயரலாம் என்ற பாடமாகச் சொன்னால் அது அநியாயமாகிவிடும். அவர்கள் வீட்டில் உழைப்புக்குக் குறைவில்லை. ஷெர்லிக்கு 18 வயதில் கிடைத்தது, இங்கே பிறந்து 30 வயதானவர்களுக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் அலையலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் குறிஞ்சிப்பாடி; புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டு. இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர். அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமைக்கு வழிசெய்த 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

இதன் விளைவு ஒரு கடன் விண்ணப்பத்தில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முகாம் ஆண்களில் மிகப் பலர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் வந்தார்; நல்ல மேஸ்திரி. பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது, சாரம் கட்டுவது என எல்லா வேலைக்கும் அவரிடம் ஆள் இருந்தது. கடலூரிலும் புதுச்சேரியிலும் கட்டடக்காரர்கள் அவரைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். ஸ்பிரே மெஷின் ஒன்றும், சாரத்துக்கு இரும்புக் குழாய்களும் வாங்கினால் வாடகை மிச்சமாகும் என்று கணக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கோடுபோட்ட நோட்டில், மாதவாரியாக, வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம்; அவ்வளவு சுத்தமான கணக்கை நான் பெரிய கடைக்காரர்களிடம்கூடப் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற இடம் வந்ததும் அவர் பேனாவை வைத்துவிட்டார். முத்ரா போன்ற அரசுத் திட்டக் கடன்கள் இந்தியக் குடிமக்களுக்கு உரியவை. வேறு கடனுக்கு அடமானம் வேண்டும். இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் வீடோ மனையோ வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை, ஐந்தாண்டுக்கு உட்பட்ட குத்தகைக்கு மட்டுமே விலக்கு. முகாம் வீடு அவருடையதாகாது. கடைசியில் அந்தத் தொழில் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரிலேயே நடந்தது. ரசீதும் ஒப்பந்தமும் அவர் பெயரில், உழைப்பும் பொறுப்பும் இவருடையது. கணவர் கையெழுத்துக்குக் காத்திருந்த 1962-ஆம் ஆண்டு ஷெர்லியின் நிலை இவருக்கு வாழ்நாள் முழுவதும் நீள்கிறது.

நம் கரைக்கு அடைக்கலம் என்பது புதிதன்று. 1908-இல் ஆங்கிலேயரிடமிருந்து தப்பிப் பாரதியார், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பாரதியார் தம் படைப்பு வாழ்வின் சிறந்த ஆண்டுகளை அங்கே கழித்தார். ஆனாலும் 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். உயிருக்கு ஆபத்தில்லாத ஓர் இடம் கிடைப்பதும், தலை நிமிர்ந்து போய்வரும் உரிமை கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தப் புதுச்சேரி–கடலூர்ச் சாலையே சாட்சி.

மாற்றங்களே இல்லை என்று சொல்லி உங்கள் மாணவர்களைச் சோர்வடையச் செய்ய நான் விரும்பவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் பெரும்பகுதி. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது. பொறியியல், கலை, அறிவியல் படிப்புகளில் முகாம் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் இயங்குகின்றன. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, உரிய ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. இது குடியுரிமை ஆகாது; ஆனாலும் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற பழியின் கனத்தைக் குறைக்கும் அடி என்றே நான் கருதுகிறேன்.

ஷெர்லியிடமிருந்து உங்கள் மாணவர்கள் இன்றே எடுத்துக்கொள்ளக்கூடியது, வீட்டிலிருந்து செய்யும் திறன்வேலை. நிரலெழுத்து, கணக்கு எழுதுதல், வரைகலை, மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு மனை அடமானம் வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். மாலை வகுப்பில் கணிதத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஆண்கள் பள்ளியில் போய்க் கணிதம் படித்த அந்தப் பெண்ணின் கதை, பத்தாம் வகுப்போடு நின்றுவிட நினைக்கும் பெண் பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேரும். அவர்கள் உருவாக்கும் எதையும் தொடக்கத்திலிருந்தே குழுவின் பெயரில், பங்கு பிரித்து எழுதிவைக்கப் பழக்குங்கள். இன்னொருவர் பெயரில் தொழில் நடத்தி ஏமாந்தவர்கள் முகாமில் ஏராளம்.

இன்னொன்று, நீங்கள் உடனே செய்யக்கூடியது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் இந்தச் சட்டப் பிரிவைக் காட்டி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் 1983-க்கும் 1987-க்கும் இடையில் இங்கேயே பிறந்தவர்களாக இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் பிறந்த தேதியையும் இடத்தையும் முதலில் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ் இருப்பவர்கள் அதன் நகலைப் பத்திரப்படுத்தட்டும். இல்லாதவர்கள் பிறந்த ஊரின் நகராட்சி அல்லது ஊராட்சிப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள், காலம் கடந்த பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். விண்ணப்பங்களை நிரப்பவும் ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் உதவி தேவைப்பட்டால், சனிக்கிழமைகளில் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்து உங்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்து செய்து தர நான் அணியமாக இருக்கிறேன்.